மடிக்கணினி வாங்கப் போறீங்களா? முதலில் ஒரு நோட்டை எடுங்கள்!



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது ஆற்றுக்கு மட்டும் இல்லை, கடைக்கும் பொருந்தும் என்று போன மே மாத விடுமுறையில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தேனியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்தாள். மடிக்கணினி வேணும் என்றாள். அம்மா ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். சீசனில் சேர்த்த பணமும் மகளிர் குழுவில் வாங்கிய கடனும் சேர்த்து 40,000 ரூபாய் வைத்திருந்தார். ஒருநாள் மூணு பேரும் தேனிக்குப் போனோம். கடையில் ஒரு அண்ணன், "என்ன கான்ஃபிகரேஷன்ல பாக்குறீங்க?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா, "நல்லதா காட்டுங்க" என்றாள். அவர் பளபளவென்று ஒன்றை எடுத்துவைத்து, "22,990 தான். பையும் மவுசும் ஃப்ரீ" என்றார். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "விவரம் தெரியாம வாங்க வேணாம் தாயி, வாங்க போவோம்" என்று கூட்டி வந்துவிட்டார். அன்றைக்கு அம்மாவுக்கு ஒருநாள் கூலி போனது.

அடுத்த தடவை அப்படிப் போகக் கூடாது என்றுதான் ஒரு நோட்டுப் போட்டேன். அதில் எழுதியவை இவை.

மடிக்கணினி பிறந்த கதை

நன்றாக விற்பனையான முதல் கையடக்கக் கணினியின் பெயர் ஆஸ்போர்ன் 1. வந்த ஆண்டு 1981. "கையடக்கம்" என்று சொன்னாலும் அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ! திரை 5 அங்குலம்தான், இன்றைய செல்போனை விடச் சிறிசு. நினைவகம் 64 கேபி. விலை 1,795 அமெரிக்க டாலர். பேட்டரி கிடையாது, கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

இதை உருவாக்கியவர் ஆடம் ஆஸ்போர்ன். நம்ப மாட்டீர்கள், அவர் சிறுவயதில் வளர்ந்தது நம் திருவண்ணாமலையில். அவருடைய அப்பா ரமண மகரிஷியின் பக்தர். ஆடம் ஆஸ்போர்ன் 2003-இல் இறந்ததும் நமக்குப் பக்கத்தில் உள்ள கொடைக்கானலில்தான். நம்ம மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய், இந்தப் பக்கம் கணினிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். கணினியோடு கடிதம் எழுதும் மென்பொருளையும் கணக்குப் போடும் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தார். வாங்கியவர் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் எனக்கு இது உதைத்தது.

2011-இல் நடந்த இரண்டு கொள்முதல்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி உண்டு. என் மாமா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். லட்சக்கணக்கில் வாங்க வேண்டும். எப்படி வாங்கினார்கள்? அரசின் எல்காட் நிறுவனம், கணினிக்குள் குறைந்தது என்னென்ன இருக்க வேண்டும் என்று முதலில் பட்டியல் எழுதியது. ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், எத்தனை வருஷ வாரண்டி என்று எல்லாம் எழுதி, அதற்குப் பிறகுதான் கம்பெனிகளிடம் "இதை என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று ஒப்பந்தப்புள்ளி கேட்டது. தேவை முதலில், விலை பிறகு.

அதற்கு அடுத்த மாதமே, 2011 அக்டோபர் 5 அன்று, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற பலகைக் கணினியை வெளியிட்டார். நோக்கம் மிக நல்லது. ஏழை மாணவர் கையிலும் கணினி இருக்க வேண்டும். ஆனால் இங்கே விலைதான் முதலில் வந்தது. 35 டாலருக்குள் முடிக்க வேண்டும் என்பது குறிக்கோள். அந்த விலைக்குள் பொருளை அடக்கப் பார்த்ததில் ராம் 256 எம்பி, வேகம் 366 மெகாஹெர்ட்ஸ் என்று ஆனது. மெதுவாக ஓடுகிறது, தொடுதிரை அழுத்தினால்தான் கேட்கிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று புகார் வந்தது. அடுத்த வருஷம், 2012 நவம்பரில், ராமை இரண்டு மடங்காக்கி, வேகத்தையும் கூட்டி 'ஆகாஷ் 2' வெளியிட்டார்கள்.

மாமாவின் கணினி 2 ஜிபி ராமோடு வந்தது. பாவம், இப்போது திறக்க நாலு நிமிஷம் ஆகிறது. ஆனால் மாமா அதை வைத்துத்தான் டிகிரி முடித்தார். இந்த இரண்டு கதையையும் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. "எவ்வளவு ரூபாய்?" என்பது இரண்டாவது கேள்வி. "என்ன வேலைக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் ஏலக்காய் விற்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெறுமனே "காய் கிலோ என்ன விலை" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எந்தத் தரம் என்றுதான் பார்ப்பார்கள். அக்மார்க் விதிப்படி பச்சை ஏலக்காயில் 7 மில்லிமீட்டர் பருமன் உள்ள பெரிய காய் ஒரு லிட்டர் படியில் 435 கிராம் நிற்க வேண்டும். அடுத்த தரம் 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கடுத்தது 5 மில்லிமீட்டர், 385 கிராம். கலர் பச்சையாக இருந்து உள்ளே விதை இல்லையென்றால் எடை காட்டிக் கொடுத்துவிடும். மடிக்கணினியும் அப்படித்தான். மேல் மூடியின் பளபளப்பு கலர் மாதிரி. உள்ளே இருக்கிற எண்கள்தான் லிட்டர் எடை.

பார்க்க வேண்டிய ஐந்து எண்கள்

1. பிராசசர்: இது கணினியின் மூளை. ஐ3 சிறிசு, ஐ5 பெரிசு என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. எந்தத் தலைமுறை என்றும் பார்க்க வேண்டும். ஐ5-6200யு என்றால் 6-ஆம் தலைமுறை, அதில் 2 கோர்கள். ஐ3-1215யு என்றால் 12-ஆம் தலைமுறை, அதில் 6 கோர்கள். அதாவது வயசான அண்ணனை விடச் சின்னத் தம்பி வேகமாக ஓடுவான்!

2. ராம்: படிக்கிற மேசை மாதிரி. மேசை பெரிசாக இருந்தால் நிறையப் புத்தகம் விரித்து வைக்கலாம். சிறிசாக இருந்தால் ஒன்றை மூடித்தான் அடுத்ததைத் திறக்கணும். கல்லூரிப் படிப்புக்கு 8 ஜிபி இருப்பது நல்லது. சிலவற்றில் ராம் போர்டோடு பற்றவைத்து இருக்கும், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

3. சேமிப்பகம்: இது பீரோ மாதிரி. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்றும், அதனால் மெதுவாக எடுக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, வேகம் அதிகம். விலை குறைந்தவற்றில் இஎம்எம்சி என்று ஒன்று வைப்பார்கள். அது பெரும்பாலும் எஸ்எஸ்டியை விட மெதுவு, மாற்றவும் முடியாது. இன்னொன்று, 512 ஜிபி என்று வாங்கினால் கணினி 476 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறது. கணினியோ 107,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், சரியாக வரும்.

4. திரை: அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது. 1366 × 768 என்றால் சுமார் 10 லட்சம் புள்ளிகள். 1920 × 1080 என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளி கூடினால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

5. பேட்டரி: விளம்பரத்தில் "8 மணி நேரம்" என்று இருக்கும். அதை நம்பாமல் வாட்-மணி எண்ணைக் கேளுங்கள். 41 வாட்-மணி பேட்டரி, கணினி எடுப்பது 8 வாட் என்று வைத்துக்கொண்டால், 41 ÷ 8 = சுமார் 5 மணி நேரம். வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ பார்த்தால் இன்னும் குறையும். நம் இயற்பியல் பாடத்தில் வருகிற திறன், ஆற்றல் கணக்குதான் இது.

எங்கள் வீட்டு ஒப்பந்தப்புள்ளி

எல்காட் மாதிரி நாங்களும் நோட்டில் முதலில் தேவையை எழுதினோம். அக்காவுக்கு மூணு வருஷம் ஓடணும். புரோகிராம் எழுதணும். தினம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகணும். விலை 40,000-க்குள் இருக்கணும். அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மறுபடியும் கடைகளுக்குப் போனோம். மூணு கணினி பார்த்தோம்.

'அ' கணினி: புதுசு. செலரான் பிராசசர், 4 ஜிபி ராம், 128 ஜிபி இஎம்எம்சி, 1366 × 768 திரை. விலை 22,990. முதலில் பார்த்த அதே பளபளப்புதான்.

'ஆ' கணினி: புதுசு. 12-ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920 × 1080 திரை, 41 வாட்-மணி பேட்டரி. விலை 36,500.

'இ' கணினி: பழசு. 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 17,500. பில் தர மாட்டோம் என்றார்கள்.

எனக்கு முதலில் 'இ' மேல்தான் ஆசை. ஐ5, அதுவும் பாதி விலை! ஆனால் நோட்டில் தேதி எழுதியிருந்தேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவின் கடைசி நாள் 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 6-ஆம் தலைமுறை சேராது. பழசு வாங்குவது தப்பில்லை, ஆனால் 8-க்குக் கீழே இருந்தால் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். லினக்ஸ் மட்டம் என்று நினைக்காதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் பில் இல்லாத பொருளுக்கு நாளைக்கு யாரிடம் போய் நிற்பது? 'இ' வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

மிச்சம் 'அ', 'ஆ'. வித்தியாசம் 13,510 ரூபாய். அது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அக்கா, "பரவாயில்லம்மா, 'அ' வே போதும்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அம்மா கடைக்கார அண்ணனிடம் கேட்டார்: "தம்பி, ரெண்டையும் ஒண்ணா ஆன் பண்ணிக் காட்டுப்பா." நான் அக்காவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆ' 14 விநாடியில் திறந்துவிட்டது. 'அ' ஒரு நிமிஷத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா அடுத்து, "ரிப்பேர்னா எங்கப்பா கொண்டு போகணும்?" என்றார். 'ஆ' வுக்குத் தேனியிலேயே சர்வீஸ் சென்டர், 'அ' வுக்கு மதுரை. நான் நோட்டில் எழுதாத கேள்வி இது. அம்மா சொன்னார், "ரிப்பேர்னு மதுரைக்கு ரெண்டு தடவை போய் வந்தா ரெண்டு நாள் கூலி தாயி. அதையும் விலையில சேரு."

உண்மையான விலை எது?

அம்மா சொன்னதற்கு அப்புறம் நான் விலையை வேறு மாதிரி கணக்குப் போட்டேன்.

'அ' இரண்டு வருஷம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ராமும் கூட்ட முடியாது. 22,990 ÷ 2 = வருஷத்துக்கு 11,495 ரூபாய். மூணாவது வருஷம் அக்கா என்ன செய்வாள்? 'ஆ' ஐந்து வருஷம் ஓடினால் 36,500 ÷ 5 = வருஷத்துக்கு 7,300 ரூபாய். மூணே வருஷம் ஓடினாலும் சுமார் 12,167 தான். விலை குறைந்தது எது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

வரிக் கணக்கு: மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 36,500 என்றால் பொருளின் விலை சுமார் 30,932, வரி சுமார் 5,568. "பில் வேணாம்னா கொறச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்பது கஷ்டம்.

தவணைக் கணக்கு: ஒரு கடையில் மாதம் 3,250 வீதம் 12 மாதம், நடைமுறைக் கட்டணம் 499 என்றார்கள். 3,250 × 12 = 39,000. அதோடு 499 சேர்த்தால் 39,499. கைக்காசு விலையை விட 2,999 கூடுதல். அது அம்மா மலைக்குப் போகிற எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இங்கே எழுதவில்லை. நாங்கள் கைக்காசு கொடுத்தே 'ஆ' வை வாங்கினோம். மிச்சம் 3,500 ரூபாயைக் குழுக் கடனில் திருப்பிக் கட்டினார் அம்மா.

நான் விட்ட தப்பு

எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று ஒரு மாசம் பெருமையாக இருந்தேன். அப்புறம் ஒருநாள் அக்கா அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, எழுதும் மென்பொருள் "இலவசக் காலம் முடிந்தது, பணம் கட்டவும்" என்று சொல்லி நின்றுவிட்டது. கணினியோடு என்ன மென்பொருள் வருகிறது, எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவே இல்லை. 1981-இல் ஆஸ்போர்ன் யோசித்ததை நான் மறந்துவிட்டேன். அக்கா பயந்துவிட்டாள். பிறகு அவளுடைய பேராசிரியர் சொல்லி லிப்ரெஆபீஸ் என்ற மென்பொருளை ஏற்றினோம். அது எப்போதும் இலவசம், தமிழிலும் வேலை செய்யும். பணம் போகவில்லை. ஆனால் என் நோட்டில் ஒரு கேள்வி கூடியது.

கடைக்குப் போகும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

1. என்ன வேலைக்கு? எத்தனை வருஷத்துக்கு?
2. பிராசசர் எந்தத் தலைமுறை?
3. ராம் எவ்வளவு? பிறகு கூட்டலாமா?
4. எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா, ஹார்டு டிஸ்க்கா?
5. திரையில் எத்தனை புள்ளிகள்?
6. பேட்டரி எத்தனை வாட்-மணி?
7. எடை எவ்வளவு?
8. வாரண்டி எத்தனை வருஷம்? பேட்டரிக்கும் உண்டா?
9. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்? (இது அம்மாவின் கேள்வி)
10. என்ன மென்பொருள் சேர்ந்து வருகிறது? எத்தனை நாளைக்கு? (இது நான் விட்ட கேள்வி)
11. ஜிஎஸ்டி எண்ணோடு பில் உண்டா?

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய பிறகு 12-ஆவதாக விலையைக் கேளுங்கள். கேள்வி கேட்டால் கடைக்காரர் கோபிப்பார் என்று கூச்சப்படாதீர்கள். காசு நம்முடையது. இரண்டாம் தடவை நாங்கள் போனபோது, நோட்டைப் பார்த்த அந்த அண்ணன், "பாப்பா, நீ நல்லா வெவரம்" என்று சொல்லி, டப்பாவில் ஒட்டியிருந்த சிறிய எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று அவரே காட்டிக் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள் (விடை அடுத்த இதழில்)

1. 256 ஜிபி எஸ்எஸ்டியைக் கணினி எத்தனை ஜிபி என்று காட்டும்?
2. 50 வாட்-மணி பேட்டரி, 10 வாட் செலவு. எத்தனை மணி நேரம் ஓடும்?
3. ஜிஎஸ்டியோடு 29,500 ரூபாய் என்றால் வரி மட்டும் எவ்வளவு?

அந்த நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பின்பக்கம் இன்னும் எட்டுத் தாள் காலியாக உள்ளது. உங்கள் வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கணினி வாங்கப் போவதாக இருந்தால் இடைவேளையில் வந்து கேளுங்கள், தருகிறேன். ஒரே நிபந்தனை. கடையில் நீங்கள் கேட்ட புதுக் கேள்வி ஏதாவது இருந்தால் அதில் எழுதித்தான் திருப்பித் தரணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
தேவாரம்.